உரிமம் பறித்தால் உயிர் பிழைக்குமா?

எங்கள் வட்டாரத்துச் சாலைகளில் இரவு எட்டு மணிக்கு மேல் ஆள் நடமாட்டம் அரிது. அருப்புக்கோட்டையை விட்டு எம்.ரெட்டியபட்டிப் பக்கம் திரும்பினால் இருபுறமும் காடுதான். காடு என்றால் இங்கே மரமடர்ந்த வனம் அன்று. வானம் பார்த்த கரிசல் புஞ்சை. ஓரங்களில் சீமைக்கருவேல் சாலைக்குள் கிளை நீட்டி நிற்கும். ஊர் எல்லை தாண்டினால் விளக்குக் கிடையாது. அத்தகைய சாலை ஒன்றில், 2023ஆம் ஆண்டு மாசி மாதத்து இரவில், என் வகுப்புத் தோழன் ஒருவனுடைய அண்ணன் மோட்டார் சைக்கிளில் வந்து கம்மாய்க்கரைக் கல்லில் மோதி இறந்துபோனார். விடியற்காலையில் கரிமூட்டத்துக்குப் போனவர்கள்தாம் பார்த்தார்கள்.

அவர் சரக்கு வாகன ஓட்டுநர். அன்று குடித்திருந்தார் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் முதல் தகவல் அறிக்கையில், வழக்கமாக எழுதப்படும் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ என்ற தொடர் இருந்ததே தவிர, மது என்ற சொல் இல்லை. அதை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்கள் வீட்டார்தாம். எழுதினால் காப்பீட்டுத் தொகை வராது என்று யாரோ அவர்களிடம் சொல்லியிருந்தார்கள். சொன்னவர் தவறாகச் சொல்லவும் இல்லை. வண்டியின் உரிமையாளரே ஓட்டி இறந்தால் 15 இலட்ச ரூபாய் வரை தருகின்ற தனிநபர் விபத்துக் காப்பீடு, அவர் மது மயக்கத்தில் இருந்தார் என்றால் கிடைக்காது. இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு நிற்பவர்களை நான் குறை கூறமாட்டேன்.

இதில் இன்னொரு செய்தி உண்டு. இறப்பதற்கு எட்டு மாதங்களுக்கு முன்பு, வெளியூரில் அவர் ஒருமுறை குடிபோதையில் வண்டி ஓட்டிப் பிடிபட்டிருந்தார். அபராதம் கட்டினார்; திரும்பி வந்தார். லைசென்ஸ் சட்டைப் பையிலேயே இருந்தது. “அன்னைக்கே லைசென்ஸைப் புடுங்கியிருந்தா எங்க அண்ணே பயந்திருக்கும்டா. லைசென்ஸ் போனா அதுக்குப் பொழப்பே போச்சே” என்று என் தோழன் துட்டி வீட்டில் சொன்னான். அவன் ஆற்றாமையில் சொன்ன அந்தச் சொல் மெய்தானா, ஓட்டுநர் உரிமத்தை நிறுத்தி வைத்தால் குடித்து ஓட்டிச் சாகிறவர்களும் சாகடிக்கிறவர்களும் உண்மையிலேயே குறைகிறார்களா என்று தேடிப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை. வள்ளுவர் கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். எனினும் குடிப்பது சரியா தவறா என்பது இங்கே பொருள் அன்று. குடித்தவன் கையில் வண்டிச் சாவி இருப்பதுதான் பொருள்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். ஆங்கிலேயர் காலத்து 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்துக்குப் பதிலாக 1988இல் புதிய சட்டம் இயற்றப்பட்டு, 1989 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் 185ஆம் பிரிவின்படி, ஓட்டுநரின் 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் சாராயச்சத்து இருப்பதாக மூச்சுச் சோதனைக் கருவி காட்டினால் அது குற்றம். முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அந்த அபராதம் முன்பு 2,000 ரூபாய் வரை என்று இருந்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 10,000 ரூபாய் ஆயிற்று.

30 மில்லி கிராம் என்பது எவ்வளவு என்று நம்மில் பலருக்குத் தெரியாது. வேதியியல் மாணவர்கள் இக்கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளலாம். கடையில் விற்கும் ‘குவார்ட்டர்’ என்பது 180 மில்லி லிட்டர். அதில் 42.8 விழுக்காடு சாராயச்சத்து என்றால் ஏறத்தாழ 77 மில்லி லிட்டர். எடையில் சுமார் 61 கிராம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் அதை முழுவதும் குடித்தால் 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் சுமார் 140 மில்லி கிராம் வரை ஏறும். அதாவது சட்டம் பொறுக்கும் அளவைப்போல நாலரை மடங்குக்கு மேல். கல்லீரல் மணிக்குச் சுமார் 15 மில்லி கிராம் வீதம்தான் அதை இறக்கும். இரவு ஒன்பது மணிக்குக் குடித்து முடித்தவர் சட்டத்தின் கண்ணுக்குத் தெளிந்தவராக மறுநாள் காலை நான்கு மணிக்கு மேலாகிவிடும். மோர் குடித்தாலும் தலைக்குத் தண்ணீர் ஊற்றினாலும் இந்தக் கணக்கு மாறாது. விடியுமுன் லோடு ஏற்றக் கிளம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி உரிமத்துக்கு வருவோம். சட்டத்தில் இதற்கு இரண்டு வாயில்கள் உள்ளன. ஒன்று நீதிமன்றம். 185ஆம் பிரிவின் கீழ் குற்றம் நிரூபிக்கப்பட்டுத் தண்டிக்கப்பட்டவரை ஆறு மாதத்துக்குக் குறையாமல் உரிமம் வைத்திருக்கத் தகுதியற்றவராக்க வேண்டும் என்று 20ஆம் பிரிவு கூறுகிறது. மற்றொன்று உரிமம் வழங்கிய அதிகாரி, அதாவது நம் பேச்சில் ஆர்.டி.ஓ. ஓட்டுநரின் நடத்தை பொதுமக்களுக்கு ஆபத்து என்று கண்டால், அவருடைய விளக்கத்தைக் கேட்டபின் உரிமத்தை நிறுத்தி வைக்க 19ஆம் பிரிவு அந்த அதிகாரிக்கு இடமளிக்கிறது. இதற்கு நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை.

பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். இவற்றுக்கிடையே உள்ள வேறுபாட்டில்தான் விடை இருக்கிறது.

உலக நாடுகளில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. இரத்தத்தில் இவ்வளவு சாராயச்சத்து இருந்தாலே குற்றம் என்று 1936இல் முதன்முதலாக எல்லை வகுத்த நாடு நார்வே. பிரிட்டனில் 1967 அக்டோபரில் மூச்சுச் சோதனை வந்தது. அங்கே எல்லை 80 மில்லி கிராம். மீறினால் ஓராண்டு உரிமம் கிடையாது. முதல் ஆண்டிலேயே சாலைச் சாவுகள் ஆயிரத்துக்கு மேல் குறைந்தன. ஆனால் சில ஆண்டுகளில் அந்தப் பயன் தேய்ந்துபோயிற்று. அமெரிக்கச் சமூகவியலாளர் லாரன்ஸ் ராஸ் இதை ஆராய்ந்தார். சட்டம் வந்த புதிதில் மூலைக்கு மூலை போலீசார் நிற்பார்கள் என்று மக்கள் நினைத்தார்கள். உண்மையில் பிடிபடும் வாய்ப்பு மிகக் குறைவு என்பது தெரியத் தெரிய அச்சம் கலைந்தது என்பது அவர் கண்ட முடிவு. சட்டம் அப்படியே இருந்தது. தண்டனையும் அப்படியே இருந்தது. நம்பிக்கைதான் போயிற்று.

அமெரிக்காவில் 1976இல் மின்னசோட்டா மாநிலம் வேறொரு வழியைத் தொடங்கிற்று. குடித்து ஓட்டிப் பிடிபட்டவரின் உரிமத்தை, வழக்கு முடியும்வரை காத்திராமல், நிர்வாக ஆணையின் மூலம் உடனே நிறுத்திவைப்பது. பிற மாநிலங்கள் பல இதைப் பின்பற்றின. வேறு பல மாநிலங்களிலோ தீர்ப்புக்குப் பின்தான் உரிமம் பறிக்கும் சட்டம் இருந்தது. ஆகவே ஒப்பிட்டுப் பார்க்க நல்ல வாய்ப்பு அமைந்தது. ஃபுளோரிடாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் வாகெனார், மில்ட்ரெட் மால்டொனாடோ-மொலினா இருவரும் 46 மாநிலங்களின் கணக்குகளை ஆராய்ந்து 2007இல் முடிவை வெளியிட்டனர். உடனே உரிமத்தை நிறுத்துகின்ற சட்டம் மது தொடர்பான உயிர்ச்சேத விபத்துகளை ஏறத்தாழ 5 விழுக்காடு குறைத்திருக்கிறது. நாடு முழுவதற்கும் ஆண்டுக்குக் குறைந்தது 800 உயிர்கள் தப்பியிருக்கின்றன. தீர்ப்புக்குப் பின் உரிமம் பறிக்கும் சட்டத்தாலோ குறிப்பிடத்தக்க பயன் தென்படவில்லை.

5 விழுக்காடுதானா என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றிற்று. ஆனால் காகிதத்தில் சில வரிகளை மாற்றி ஆண்டுக்கு 800 பேரைப் பிழைக்க வைப்பது எளிதில் கிட்டும் பயன் அன்று. இதில் வியப்பு என்னவென்றால், இரண்டு சட்டங்களிலும் தண்டனை ஒன்றே. காலம்தான் வேறு. தண்டனையின் கடுமையைவிட அது தவறாமல் வருவதும் விரைந்து வருவதுமே குற்றத்தைத் தடுக்கும் என்று இத்தாலியின் பெக்காரியா 1764இலேயே எழுதினார். சாலையோரத்தில் அன்றிரவே உரிமம் கைவிட்டுப் போனால் குடித்ததற்கும் இழந்ததற்கும் உள்ள தொடர்பு மனத்தில் பதிகிறது. ஒன்றரை ஆண்டு கழித்து நீதிமன்றத்தில் போனால் அது விதியின் விளையாட்டாகவே தோன்றும்.

நம் நாட்டிலும் இவ்விரைவை நோக்கி ஒரு முயற்சி நடந்தது. அதைத் தொடங்கிவைத்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்பது நமக்குப் பெருமை. கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலைச் சாவுகளைக் குறைக்க வேண்டி 2012இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அதன் பயனாக 2014இல் சாலைப் பாதுகாப்புக் குழு ஒன்று அமைந்தது, நீதியரசர் கே.எஸ். ராதாகிருஷ்ணன் அதன் தலைவர். அக்குழு 2015 ஆகஸ்டில் எல்லா மாநிலங்களுக்கும் ஆணை அனுப்பியது. குடித்து ஓட்டுதல், அதிவேகம், சிவப்பு விளக்கை மீறுதல், ஓட்டும்போது கைப்பேசியில் பேசுதல், சரக்கு வண்டியில் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதல், அதில் ஆள் ஏற்றுதல் ஆகியவற்றுக்குக் குறைந்தது மூன்று மாதம் உரிமத்தை நிறுத்தி வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். 2017 செப்டம்பரில் அசல் உரிமத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று தமிழக அரசு கூறியபோது எழுந்த கூச்சல் பலருக்கு நினைவிருக்கும். நகலைப் பறிமுதல் செய்து என்ன பயன்?

பின்னர் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இதைச் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது. குடித்து ஓட்டியதாக நம்பக் காரணம் இருந்தால் காவல் அதிகாரி உரிமத்தைக் கைப்பற்றி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்ப வேண்டும். முதல் குற்றத்துக்கு மூன்று மாதம் நிறுத்தலாம், மறுமுறை என்றால் ரத்தே செய்யலாம். திரும்பப் பெறுமுன் புத்தாக்கப் பயிற்சிக்குப் போக வேண்டும். ஆகவே மின்னசோட்டாவின் கருவி இன்று நம்மிடமும் இருக்கிறது. என் தோழனின் அண்ணன் பிடிபட்டபோது இத்திருத்தம் சட்டப் புத்தகத்தில் இருந்தது. அபராத ரசீது மட்டும் எழுதப்பட்டது.

இதனால் தமிழ்நாட்டில் சாவுகள் குறைந்தனவா? இங்கேதான் நான் சற்றுத் திகைத்துப்போனேன். 2016இல் நம் மாநிலத்தில் சாலை விபத்தில் இறந்தோர் 17,218 பேர். 2017இல் 16,157. 2018இல் 12,216. 2019இல் 10,525. 2020இல் 8,060. நான்கே ஆண்டுகளில் பாதிக்கு மேல் குறைந்துவிட்டதாக நாடே வியந்தது. மத்திய அமைச்சர் நிதின் கட்கரி தமிழ்நாட்டைப் பிற மாநிலங்களுக்கு எடுத்துக்காட்டாகப் பலமுறை கூறினார். உரிமங்களை நிறுத்தி வைத்ததும் 108 ஆம்புலன்சும் காரணம் என்று பேசப்பட்டது. நானும் முதலில் இந்த எண்களைக் கண்டு, விடை கிடைத்துவிட்டது என்றே மகிழ்ந்தேன்.

பின்னர் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு விபத்து அறிக்கையைப் பார்த்தேன். அதில் பழைய ஆண்டுகளுக்கான தமிழ்நாட்டு எண்கள் திருத்தி அச்சிடப்பட்டிருந்தன. 2018க்கு 18,394. 2019க்கு 18,129. 2020க்கு 14,527. பெருந்தொற்றால் ஊரடங்கிக் கிடந்த 2020ஐ விட்டுவிட்டால் குறைவு என்பதே இல்லை, 2016ஐவிடக் கூடுதல். 2018இல் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் முதல் கணக்கில் விடுபட்டிருந்தார்கள். 2022இல் 17,884 பேர். 2023இல் பதினெட்டாயிரத்தைத் தாண்டிவிட்டது. சாவு குறைந்தது பேரேட்டில், சாலையில் அன்று.

மொத்தச் சாவுகளின் கணக்கே இப்படி என்றால் குடியால் நேர்ந்த சாவுகளின் கணக்கு எப்படி இருக்கும்? 2022இல் இந்தியா முழுதும் சாலையில் மாண்டோர் 1,68,491 பேர். இவர்களில் மது அல்லது போதைப்பொருள் காரணமாக என்று பதிவானோர் 4,201 பேர். அதாவது இரண்டரை விழுக்காடு. அமெரிக்காவிலோ சாலைச் சாவுகளில் பத்தில் மூன்று, குடித்த ஓட்டுநர் தொடர்புடையவை. அவர்களைவிட நாம் பன்னிரண்டு மடங்கு தெளிவானவர்கள் என்று எண்ணிக்கொள்ள விரும்புவோர் எண்ணிக்கொள்ளலாம். சனிக்கிழமை இரவில் எந்த ஊர்க் கடை முன்னாலும் நிற்கும் மோட்டார் சைக்கிள்களை எண்ணிப் பார்த்தவர்கள் அப்படி எண்ணமாட்டார்கள். பிழை எங்கே நேர்கிறது என்பதை என் தோழன் வீட்டிலேயே பார்த்துவிட்டேன். முதல் தகவல் அறிக்கையில் மது இல்லை. பிரேதப் பரிசோதனையில் எடுத்த உள்ளுறுப்புகள் ஆய்வகத்துக்குப் போய் முடிவு வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடுகின்றன. அதற்குள் விபத்துக் காரணம் ‘அதிவேகம்’ என்ற கட்டத்தில் ஏறிவிடுகிறது. ஆகவே உரிம நிறுத்தம் குடிச்சாவைக் குறைத்ததா என்று தமிழ்நாட்டில் கேட்பது, அளவுகோல் இல்லாமல் துணி அளப்பதைப் போன்றது.

உரிமத்தை விட்டுக் கடையைப் பிடித்த முயற்சி ஒன்றும் நடந்தது. 2016 டிசம்பர் 15ஆம் நாள், பாலு என்பவர் தொடர்புடைய தமிழ்நாட்டு வழக்கில், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர், 20,000க்கு மேற்படாத மக்கள்தொகை உள்ள ஊர்களுக்கு அது 220 மீட்டர் ஆயிற்று. டாஸ்மாக் கடைகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவை 2017இல் மூடப்பட்டன. பல கடைகள் உள்ளே இடம் தேடிச் சென்றன. எங்கெங்கோ பெண்கள் மறியல் செய்ததும் அப்போதுதான். நான்குவழிச் சாலையில் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் ஓடுகின்ற லாரிக்காரருக்கு அது நன்மை செய்திருக்கலாம். ஆனால் கடை ஊர்ப்பாதைக்குள் வந்தபின் குடித்தவர் திரும்பி வருவது விளக்கில்லாத, சோதனையில்லாத சாலையில். கடை இரவு பத்து மணி வரை. எங்கள் பக்கத்து உட்சாலைகளில் பேருந்து அதற்கு முன்பே நின்றுவிடும். பிறகு அவர் எதில் திரும்புவார்?

உரிம நிறுத்தம் எங்கள் கரிசல் ஊர்களில் தட்டுத் தடுமாறும் இடமும் இதுவே. முதலாவது, உரிமம் உள்ளவனிடம்தான் உரிமத்தைப் பறிக்க முடியும். எங்கள் பக்கம் இருசக்கர வண்டி ஓட்டுகிறவர்களில் பலருக்கு உரிமமே கிடையாது. பருத்தி மூட்டையும் மிளகாய் வற்றலும் ஏற்றிக்கொண்டு பதினைந்து வயதில் வண்டியைத் தொட்டவர் எட்டுப் போட்டுக் காட்ட விருதுநகருக்குப் போவானேன் என்று இருந்துவிடுகிறார். உரிமமின்றி ஓட்டினால் 5,000 ரூபாய் அபராதம் என்று இருந்தும் அவரைக் கேட்பார் இல்லை. இரண்டாவது, உரிமம் நிறுத்தப்பட்டவரும் ஓட்டாமல் இருப்பதில்லை. அமெரிக்காவிலேயே பெரும்பாலோர் மறைவாக ஓட்டுகிறார்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அங்குக் கண்ட ஒரு நன்மை, அவர்கள் குறைவாகவும் நிதானமாகவும் ஓட்டுகிறார்கள் என்பதே.

இதற்கு எதிராக ஓட்டுநர்கள் சொல்லும் வாதம் ஒன்றைப் புறந்தள்ள முடியாது. கார் வைத்திருக்கும் செல்வருக்கு மூன்று மாதம் உரிமம் இல்லையென்றால் ஆள் வைத்து ஓட்டிக்கொள்வார். சரக்கு வண்டி ஓட்டுகிறவருக்கு அது மூன்று மாதப் பட்டினி. ஒரே தண்டனை இருவர் மேலும் ஒரே எடையில் விழுவதில்லை. நானும் இதை நெடுநேரம் எண்ணிப் பார்த்தேன். ஆனால் எங்கே வலிக்குமோ அங்கேதான் அச்சமும் இருக்கிறது. 10,000 ரூபாயை வட்டிக்கு வாங்கிக் கட்டி வீட்டாரின் சோற்றில் மண் போடுவதைவிட, முதல் முறை பிடிபட்ட அன்றே உரிமத்தை மூன்று மாதம் எடுத்துக்கொண்டு அபராதத்தைக் குறைப்பது மேல் என்பது என் கருத்து. பொருளாதாரத் துறை ஆசிரியர் இதை ஒப்பவில்லை. அபராதமும் வேண்டும் என்கிறார். உரிமம் செல்லாத காலத்தில் ஓட்டி இறந்தாலும் முன்னே சொன்ன காப்பீட்டுத் தொகை கிடைக்காது என்ற விதியை எடுத்துச் சொன்னால் வீட்டிலிருக்கும் பெண்கள் வண்டிச் சாவியை மறைத்து வைப்பார்கள் என்றும் அவர் சொன்னார். போலீசை விடச் சிறந்த சோதனைச்சாவடி அது என்பதில் எங்களுக்குள் வேறுபாடு இல்லை.

என் தோழனிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். அமெரிக்க ஆய்வின்படி அவன் துட்டி வீட்டில் சொன்னது சரிதான்: லைசென்ஸை நம்பிப் பிழைக்கிறவரிடம், பிடித்த அன்றே அதை வாங்கி வைத்திருந்தால், அவர் பிழைத்திருக்க வாய்ப்பு உண்டு. நூற்றுக்கு ஐந்து என்றேன். “அந்த அஞ்சுல எங்க அண்ணே இருந்திருக்கும்ல” என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை.

அந்த மோட்டார் சைக்கிளைப் பழுது பார்த்து இப்போது அவன்தான் ஓட்டுகிறான். கல்லூரிக்கும் அதில்தான் வருகிறான். அவனுக்கு லைசென்ஸ் கிடையாது. பழகுநர் உரிமத்துக்கு எழுதிப் போடச் சொல்லி இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பரீட்சை முடியட்டும் என்கிறான்.